திரைக்கு அந்தப் பக்கம்

திரைக்கு அப்பால் பியானோ பெஞ்சு தரையில் கிறீச்சிட்டது. ஒரு தடவை, சற்று நிறுத்தி, இன்னொரு தடவை.

வெர்னெட்டா நிமிர்ந்து உட்கார்ந்தாள். வந்துவிட்டாள் ஜோஸ்லின், அவள் மகள்.

மெம்ஃபிஸ் நகரத்து அரசுக் கலைப் பள்ளியில் அன்று சேர்க்கைத் தேர்வு. பியானோவுக்கு ஒரே ஓர் இடம், இருபது பிள்ளைகள். வாசிப்பது யாரென்று தெரிந்துவிடக் கூடாதென்று கறுப்புத் திரை, வாசலில் குலுக்கி எடுத்த எண், ஷூ கழற்றிய கால். எல்லாருக்கும் ஒரே பியானோ, ஒரே பாடம். மூன்று நடுவர்களில் அந்தப் பள்ளி ஆசிரியை வெர்னெட்டாவும் ஒருத்தி.

காலையில் காரிலேயே சொல்லியிருந்தாள். "உக்காந்ததும் பெஞ்சை ரெண்டு தடவை இழு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"அந்தப் பெஞ்சு எனக்கு அளவாத்தானே இருக்கும்? எதுக்கு இழுக்கணும்?"

"சொன்னதைச் செய். இங்க கிடைக்கலேன்னா நம்ம பேட்டைப் பள்ளிக்கூடம்தான். அங்க பியானோன்னு எழுதத் தெரிஞ்ச ஆளு கூடக் கிடையாது."

"அப்பாவா இருந்தா நான் கட்டையில ரெண்டு விரல் வச்சாலே நான்தான்னு கண்டுபிடிச்சிருவாரு."

"அவருதான் போய்ட்டாரே. இழு."

கணவன் கர்டிஸ் போய் இரண்டு வருடம். பிறகு குடிவந்த அடுக்கு வீட்டில் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுக்காரி துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். ஆகவே ஜோஸ்லின் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கீபோர்டில்தான் பழகுவாள். வெர்னெட்டாவின் காதில் விழுவது கட்டைகளின் டொக் டொக் மட்டும். ஒரு நாள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அவளும் நினைப்பதுண்டு.

பதினான்காம் எண் முடித்தது. கொஞ்சம் ஓட்டம், இடது கையில் தடுமாற்றம். பயந்துவிட்டாள், பாவம். வெர்னெட்டா பத்துக்கு ஒன்பது போட்டாள்.

அடுத்து பதினைந்து. பெஞ்சு அசையவே இல்லை. யாரோ மெல்ல மூச்சு இழுத்தது கேட்டது, பிறகு வாசிப்பு.

பக்கத்தில் இன்னொரு நடுவர் ஹாலவே பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இது உள்ளே வந்தால் ஜோஸ்லின் வெளியே.

ஒரு நடுவர் நாலுக்குக் கீழே போட்டாலும் போதும், அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. ஆனால் காரணம் எழுத வேண்டும். தாள் பிள்ளையின் கைக்கே போகும். வெர்னெட்டா மூன்று போட்டாள். கீழே இரண்டு வரி, மறுபடி எழ முடியாதபடி எழுதினாள்.

ஹாலவே எட்டிப் பார்த்தார். "மூணா? காதுல பஞ்சு கிஞ்சு வச்சிருக்கீங்களா?"

"எனக்குப் பட்டதைப் போட்டேன். அவ்வளவு புடிச்சிருந்தா நீங்க தத்து எடுத்துக்கோங்க."

மத்தியானம் ஜோஸ்லின் காரருகே நின்றிருந்தாள். கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை மாட்டியிருந்தாள். கையில் பிரித்த உறை.

"ஏறுடி. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? இடம் உனக்குத்தான். வா, கோழி றெக்கை வாங்கிட்டுப் போலாம்." வெர்னெட்டா வண்டியைக் கிளப்பினாள். "உனக்கு அடுத்து ஒண்ணு வந்துச்சு பாரு, அப்பப்பா! அதைக் கீழ தள்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சு."

ஜோஸ்லின் தாளை விரித்துப் படித்தாள். "'விரல் ஓடுகிறது, உள்ளே ஆள் இல்லை. இந்தப் பிள்ளையை வேறு வேலைக்கு அனுப்புங்கள்.'" பிறகு கேட்டாள். "இது உன் கையெழுத்துதானே?"

வெர்னெட்டா வண்டியை ஓரங்கட்டினாள். ஜோஸ்லின் கோட்டைத் திறந்தாள். சட்டையில் ஒட்டியிருந்த எண் பதினைந்து.

"இல்ல... நீ பெஞ்சை இழுத்தியே! நான் கேட்டேனே!"

"அது எனக்கு முன்னாடி போன குட்டைப் பொண்ணு. அதுக்குக் கால் எட்டல."

"நீ ஏன்டி இழுக்கல?"

"இழுக்காமலே என்னைத் தெரியும்னு நெனச்சேன்மா."