நிழலுக்குப் பட்டா

"இன்னொரு தடவ இந்தச் சுவத்துல சாஞ்சீங்க, நடக்கறதே வேற" என்று கத்திக்கொண்டே கேட்டைத் திறந்தார் சாமிதுரை.

ரோட்டை அகலப்படுத்துகிறோம் என்று பாடாலூர் பஸ் ஸ்டாப் புளியமரத்தை வெட்டினாலும் வெட்டினார்கள், மனுஷனுக்கு நிம்மதி போச்சு. வெங்காயக் கொல்லைக்கு வேலைக்குப் போகும் பொம்பளைகள் பஸ் வரும்வரை உட்கார வேறு நிழல் இல்லை. சாமிதுரை வீட்டுப் புங்கமரம்தான் காம்பவுண்டைத் தாண்டி வெளியே நிழல் கொடுத்தது. புதுசாய் வெள்ளையடித்த சுவரில் வரிசையாக எண்ணெய்த் தலை அச்சு. பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரிந்தது.

கூட்டத்தில் ராசாத்திக்குத்தான் வாய் அதிகம். ஏழு மாச வயிற்றோடு மெல்ல எழுந்தவள் கேட்டாள்.

"சுவரு உங்களுதுதாங்க. நெழலுக்கும் பட்டா வச்சிருக்கீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் சாமிதுரைக்குப் பொறுக்கவில்லை.

மறுநாளே அரும்பாவூரிலிருந்து பெயிண்டர் மணிவேலைக் கூட்டி வந்துவிட்டார்.

"சுவரு பூரா சாமிப் படமா போட்டுத் தள்ளு. ஒருத்தி தல சாய்க்க எடம் இருக்கக்கூடாது."

மணிவேல் ஆசை ஆசையாய் வரைந்தான். நடுவில் மாரியம்மன், இந்தப் பக்கம் பிள்ளையார், அந்தப் பக்கம் கையில் கரும்போடு செட்டிகுளத்து முருகன்.

வைத்தியம் நன்றாகவே வேலை செய்தது. சாமிக்கு முதுகைக் காட்டி எவள் உட்காருவாள்? எல்லாரும் தள்ளிப் போய் வெயிலில் நின்றார்கள். சாமிதுரை ஈஸி சேரைப் போட்டு, காலை ஆட்டிக்கொண்டே அதை ரசித்தார்.

"ஏங்க, அந்த ராசாத்திப் புள்ள நிக்க முடியாம நிக்குதுங்க. மாசமா இருக்கறவ" என்றாள் மனைவி லீலாவதி.

"அதுக்கு நான் என்ன பண்ண? அங்கதான் சாமி இருக்குல்ல, அதுகிட்டப் போய்ச் சொல்லு."

லீலாவதி உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், மாரியம்மன் காலடியில் கற்பூரம் எரிந்த கரி. பக்கத்தில் ரெண்டு வாழைப்பழம், கொஞ்சம் குங்குமம். யார் வைத்தது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவ்வளவுதான். மறுநாள் பொம்பளைகள் அத்தனை பேரும் சுவரோர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க எல்லாரும்."

"சாமி கும்பிடறோம்ங்க" என்றாள் ராசாத்தி, திரும்பாமலே. "முதுகக் காட்டுனாத்தானே தப்பு? நாங்க மூஞ்சியத்தான் காட்டறோம்."

கும்பிடுகிறவர்களை எழுந்து போ என்று எந்த வாயால் சொல்வது?

ஆடி பிறந்தது. யாரோ கீற்றுப் பந்தல் போட்டார்கள். ஒரு லாரிக்காரர் வேண்டுதல் என்று சொல்லித் தரைக்குச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். கண்டக்டர்களே "கோயில் ஸ்டாப் எறங்கு" என்று கூவ ஆரம்பித்தார்கள்.

"இது என் சுவருய்யா" என்று ஒருநாள் பந்தலுக்குள் போய் நின்று கத்தினார் சாமிதுரை.

"இருக்கட்டுங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அம்மனை மறைக்குது" என்றார் வெளியூர்க்காரர் ஒருவர்.

பதறிப்போய் மணிவேலுக்கு ஆள் விட்டார். சுண்ணாம்படித்து எல்லாவற்றையும் அழி என்றதும் மணிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பூச நடக்கற சாமிங்க. நான் பிள்ளகுட்டிக்காரன். ஆள விடுங்க."

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதும் அவருக்கு ஆத்திரம் ஆறவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே பல்லைக் கடித்தார்.

"மொதக் கற்பூரம் ஏத்துன கை எதுன்னு மட்டும் தெரியட்டும், ஒடைச்சுப்புடறேன்."

லீலாவதி கரண்டியோடு பக்கத்தில் வந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சுட்டு ஒடைங்க. இப்பவே ஒடைச்சுட்டா ரசம் ஊத்தறது யாரு?"

பிசைந்த கை அப்படியே நிற்க, சாமிதுரை நிமிர்ந்து பார்த்தார். அவள் நிதானமாக ரசத்தை ஊற்றினாள்.

"சாமிகிட்டப் போய்ச் சொல்லுன்னு நீங்கதானே சொன்னீங்க. வெறுங்கையோடவா போறது?"