இருபத்திரண்டாம் பக்கத்து பலூன்

இருபத்திரண்டாம் பக்கத்தில் யாரும் கேட்காத ஒரு பலூன் வந்திருந்தது.

வசனம் எழுதுவதற்காக விடும் வெள்ளை வட்டம். சமையலறையில் நிற்கும் பெண்ணின் தலைக்கு மேல், கட்டத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

மெட்டில்டா எட்டாம் வகுப்பு விடைத்தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு ஸ்கிரிப்டைப் புரட்டினாள்.

‘கட்டம் நான்கு. வேலையை விட்டுவிட்டதாக ஆல்வின் சொல்கிறான். மனைவி எதுவும் பேசவில்லை. புன்னகைக்கிறாள். அதுவே அவள் சம்மதம்.’

கதை டெனிஸுடையது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலையை உதறிவிட்டுக் காமிக்ஸ் எழுத வந்த அவனுடைய சொந்தக் கதை. ஆல்வின் என்று பெயரை மாற்றியிருந்தானே தவிர, மூக்குக் கண்ணாடி முதல் முன்வழுக்கை வரை எல்லாம் அவன்தான். மனைவிக்கு மாற்றுப் பெயர்கூட வைக்கவில்லை. நாற்பத்தெட்டுப் பக்கத்திலும் அவள் வெறும் ‘மனைவி’.

படம் ரோஹிணி. கூடுவாஞ்சேரியில் தன் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புவாள்.

எழுத்து மெட்டில்டா. ஐந்து நாள் சேலையூரில் பள்ளிக்கூடம், சனிக்கிழமையானால் இந்த வேலை. டெனிஸ் எழுதிய வசனத்தை ரோஹிணி வரைந்த பலூனுக்குள் உட்கார வைத்து அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசிக் கை அவளுடையது.

அந்தக் கைக்கு ஒரே விதிதான். தன் சொல் ஒன்றைக்கூடச் சேர்க்கக் கூடாது.

இதுவரை சேர்த்ததில்லை. ஆல்வின் மொட்டை மாடியில் பேசுவான், மின்சார ரயிலில் பேசுவான், பல் தேய்த்துக்கொண்டே பேசுவான். அத்தனையையும் எழுத்தின் அளவைக் குறைத்துக் குறைத்து உள்ளே திணித்திருக்கிறாள். ‘கனவு’ என்ற சொல் ஒரே பக்கத்தில் ஆறு முறை வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை.

ரோஹிணிக்குப் போன் போட்டாள்.

“நாலு தடவை வாய மூடி வரைஞ்சு பாத்துட்டேன்க்கா, பொய்யா இருக்கு,” என்றாள் ரோஹிணி. “வீட்டுக்காரன் வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறான், எவ சிரிப்பா? அதான் வாயத் திறந்துட்டேன். அவ என்ன பேசுவான்னு எனக்குத் தெரியல. அத நீங்க பாத்துக்கோங்க.”

மெட்டில்டா கணினித் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு கையில் கரண்டி. நெற்றி சுருங்கி, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அழகாகவே இல்லை. அவளுக்குப் பிடித்திருந்தது.

மணி மூன்றே கால். நான்குக்குள் பக்கங்கள் போய்ச் சேராவிட்டால், தாம்பரம் அச்சகத்தில் யாருடைய கல்யாணப் பத்திரிகையாவது மெஷினில் ஏறிவிடும். டெனிஸ் அங்கேதான் காத்திருந்தான். வாட்ஸ்அப்பில் பக்கத்தைப் பார்த்ததும் கூப்பிட்டான்.

“ரோஹிணி அவ இஷ்டத்துக்கு ஒரு பலூன் போட்டு வச்சிருக்கா பாரு. அத எடுத்துடு. வாயையும் மூடிடு, ரெண்டு நிமிஷ வேலைதான். அந்த மௌனம்தான் புக்குக்கே உயிர். படிக்கிறவன் அழணும்.”

இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு இழுப்பில் பலூன் காணாமல் போனது. இன்னும் இரண்டு இழுப்பில் உதடுகள் ஒட்டிக்கொண்டன. ஓரத்தில் கொஞ்சம் வளைத்துவிட்டாள்.

அந்தப் பெண் சிரித்தாள்.

ஆயிரம் பிரதி. ஆயிரம் வீட்டில் இவள் இப்படியே கரண்டியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பாள். படித்தவர்கள் எல்லாம், இப்படி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அப்புறம் யார் போய் இல்லை என்று சொல்வது? அச்சில் வந்துவிட்டால் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும்.

மெட்டில்டாவுக்குக் கோபம் வந்தது. காது மடல் சுடுகிற அளவுக்கு வந்தது.

அழித்ததை எல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். முதலில் வாய். பிறகு பலூன்.

பிறகு டைப் செய்தாள். ஒரு சொல்லுக்காகவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

‘வேலையை விடுறேன்னு முதல்ல சொன்னது நான். ஜூன்ல ஓவியம் படிக்கப் போறேன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டினது நீங்க.’

பலூனில் இன்னும் இடம் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கினாள். ஆல்வினுக்கு ஒரு நாளும் கிடைக்காத அளவு. ஆச்சரியக்குறி போடலாமா என்று பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டாள்.

மூன்று நாற்பதுக்கு நாற்பத்தெட்டுப் பக்கங்களையும் அச்சகத்துக்கு அனுப்பினாள். வந்துவிட்டது, அச்சுக்குப் பிளேட் போடுகிறோம் என்று பதில் வந்தது. எழுந்து போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விடைத்தாள் கட்டைப் பிரித்தாள்.

பதினோராவது தாளைத் திருத்தும்போது போன் அடித்தது. பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

“யாரைக் கேட்டு இதை எழுதின?” டெனிஸ் கத்தினான். “நடந்தது நடந்தபடிதான் நான் எழுதியிருக்கேன். அன்னிக்கு அவ ஒரு வார்த்தை பேசல!”

மெட்டில்டா சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“பேசினேன், டெனிஸ். கேட் வரைக்கும் பின்னாடியே வந்து பேசினேன். நீங்க அதுக்குள்ள பைக்கை ஸ்டார்ட் பண்ணிட்டீங்க.”