மதகு திறக்குமுன்

“ஏங்க, சின்னவளுக்கு உடனே ஆபரேஷன் பண்ணணுமாம். இங்க ஆஸ்பத்திரியில கரண்ட் இல்ல, ஜெனரேட்டரும் மக்கர் பண்ணுது” என்று போனில் அழுதாள் மனைவி.

ஆபரேட்டர் மதகுச் சக்கரத்திடம் ஓடினார். ஊரில் மின்சாரம் போனால் மட்டும் ஓட்டுகிற, பாட்டன் காலத்து நீர்மின் நிலையம் அது. மதகைத் திறந்தால்தான் இயந்திரம் சுற்றும்.

“அண்ணே, முதல்ல சங்கு ஊதணும். ஆத்துல இருக்கிறவங்க கரையேறுற வரைக்கும் பொறுக்கணும்” என்றான் உதவியாள்.

“என் பொண்ணு பொறுப்பாளாடா? இந்த வெயில்ல ஆத்துல எவன் இருக்கப் போறான்?”

சங்கு ஊதாமலே மதகுச் சக்கரத்தைச் சுற்றினார். தண்ணீர் பழைய இயந்திரத்தை முக்கி முனகிச் சுழல வைத்துவிட்டு, கீழே ஆற்றில் சீறிப் பாய்ந்தது. விளக்குகள் எரிந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுபடி மனைவிதான்.

“கரண்ட் வந்துடுச்சுங்க. டாக்டரைத்தான் காணோம். லீவு நாளாச்சே, உங்க ஸ்டேஷனுக்குக் கீழ பாறையில உக்காந்து தூண்டில் போட்டுட்டு இருப்பாராம். போனும் எடுக்கல.”

அவர் ஜன்னல் வழியே கீழே ஆற்றை எட்டிப் பார்த்தார்.

“நர்ஸம்மா பயப்படாதீங்கன்னு சொல்றாங்க. சங்குச் சத்தம் கேட்டா அவரே எந்திரிச்சு வந்துடுவாராம். நீங்க ஊதினீங்கல்ல?”