நீல டிரம்

தங்கை லீலாவுக்கு டெங்கு என்றதும் முனிசிபாலிட்டி ஆள் வந்து எங்கள் நீல டிரம்முக்குள் டார்ச் அடிக்கிறான். "அளி, அளி" என்கிறான். மராத்தியில் அது புழு. அள்ளித் தரச் சொல்கிறான் என்று நினைத்து அம்மா ஒரு டம்ளர் மொண்டு நீட்டுகிறாள். "பானி பீலோ, பையா," தண்ணீர் குடியுங்கள் தம்பி என்று தனக்குத் தெரிந்த இந்தியில். டார்ச் வெளிச்சத்தில் கொசுப்புழுக்கள் டம்ளருக்குள் வளைந்து நிமிர்கின்றன. அவன் சிரித்தபடியே டிரம்மைக் கவிழ்க்கிறான். இனி நாளை மறுநாள்தான் குழாயில் தண்ணீர் வரும். அதனால்தானே பிடித்து வைக்கிறோம். எங்கள் பேட்டையான வானவடியில் எதிரே இருக்கும் பங்களாவின் நீரூற்றிலும் இதே புழுக்கள்தான் நெளிகின்றன, அந்தக் கேட்டை அவன் தட்டவேயில்லை. அவன் கையைக் கடித்துவிடலாம் போலிருக்கிறது எனக்கு. "ஏண்டி சிரிக்கிறான்?" என்கிறாள் அம்மா. பார்த்தாகிவிட்டது என்று எங்கள் கதவில் சாக்பீஸால் தேதி எழுதுகிறான். உள்ளே லீலா தண்ணீர் கேட்கிறாள்.