ஒடியாத காலுக்கு முட்டை

கோழி முட்டையிட்டதும் நேரே கீரி வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். காலோ இறக்கையோ ஒடிந்தால் கீரி பச்சிலை வைத்துக் கட்ட வேண்டும் என்பது பேச்சு.

“நீயும் சேர்ந்துக்கடி” என்று கோழி கவுதாரியைக் கூப்பிட்டது.

“ஒடியாத காலுக்கு எதுக்குடி முட்டை? நான் அடைகாக்கப் போறேன்” என்றது கவுதாரி.

மழைக்காலத்தில் கவுதாரி வரப்பில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டது. கீரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கால் தானாகவே கூடியது, ஆனால் கோணலாக.

கோழிக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. ஆத்திரத்தோடு கீரியிடம் போனது.

“இத்தனை முட்டை குடுத்தேனே, எனக்கு என்ன கெடைச்சுது?”

கீரி வாயைத் துடைத்துக்கொண்டது. “நல்லாத்தானே இருக்கே! இன்னும் என்ன வேணும்?”

திரும்பும் வழியில் கவுதாரி விந்தி விந்தி எதிரே வந்தது. பின்னால் வரிசையாகக் குஞ்சுகள். நடை என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று அவையும் விந்தி விந்தியே வந்தன.

கவுதாரி கோழியின் கால்களையே பார்த்தது. கோழி குஞ்சுகளையே பார்த்தது.

மறுமுறை முட்டையிட்டதும் கோழி அதன்மேலேயே அடை உட்கார்ந்துவிட்டது.

கவுதாரி தன் முட்டையை மெல்ல உருட்டிக்கொண்டு, விந்தி விந்தி, கீரி வீட்டுக்குப் போனது.