பொறந்த மண்ணு

முதலமடை ஆர்ட்ஸ் கிளப்பில் இன்னும் ஓட்டே போடவில்லை. ஆனந்தகுமாருக்கு மாலை மட்டும் வந்துவிட்டது. ஆனைமலையிலிருந்து தாய்மாமன் பஸ்ஸில் கொடுத்துவிட்ட சம்பங்கி மாலை.

தலைவர் பதவிக்கு எதிராளி செல்வப்பிரியா. அவளுடைய அப்பாவும் அம்மாவும் தர்மபுரிப் பக்கமிருந்து மாந்தோப்புக் காவலுக்கு வந்தவர்கள். தோப்பு வேலைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஓட்டெல்லாம் அவளுக்குத்தான். ஜெயிக்க வழியில்லாவிட்டால் என்ன, சட்டத்தை மாற்றிவிட்டால் போயிற்று.

அதற்காக ஒரு மாதமாக வாட்ஸ்அப்பில் கூவிக்கொண்டிருந்தான். மாங்காய்க்கு விலை இல்லையா? வந்தேறிகள். பைப்பில் தண்ணீர் வரவில்லையா? வந்தேறிகள். கேரம் போர்டு ஸ்டிரைக்கரைக் காணோம் என்றபோதும் அதையே போட்டான். அதற்குத்தான் லைக் அதிகம். ஸ்டிரைக்கர் பிறகு அவன் பைக் டப்பாவிலேயே கிடைத்தது. அதை அவன் போடவில்லை.

கூட்டம் தொடங்கியதும் எழுந்து நின்றான். "பொறந்த மண்ணுதானுங்க பெருசு. முதலமடையில பொறக்காதவங்க இனி எலெக்சன்ல நிக்கவும் கூடாது, ஓட்டும் போடக் கூடாது. வேண்டாங்கறவன் ஊருக்குத் துரோகி."

துரோகி ஆக யாருக்குத் தைரியம்? எல்லாக் கையும் மேலே போனது. செல்வப்பிரியாவும் கை தூக்கினாள். பாவம், புள்ளைக்குப் புரியவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

மினிட்ஸ் புக்கில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அதன்பிறகுதான் அவள் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பஞ்சாயத்து முத்திரை போட்ட ஜனன சர்ட்டிபிகேட்.

"பிரசவத்துக்கு ஊருக்குப் போக அம்மாவுக்கு வழியில்லீங்ணா. நான் பொறந்தது இங்க தோப்புச் சாளைக் குடிசையிலதான். நீங்களும் உங்களுதைக் காட்டீருங்க."

முதல் ஆளாகக் கை தூக்கிய ஆனந்தகுமாரின் கூட்டாளி கோபிநாத், ஏனோ மெதுவாக எழுந்து செருப்பைத் தேடினான்.

ஆனந்தகுமாருக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஏழு தலைமுறையாக இந்த ஊரில் தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்திடம் சர்ட்டிபிகேட்டா? மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டு அம்மாவைக் கூப்பிட்டான்.

"அம்மா, நம்ம பஞ்சாயத்துல வாங்குன என்னோட ஜனன சர்ட்டிபிகேட்டை போட்டோ எடுத்து அனுப்பு."

"இங்க எப்படிக் கண்ணு குடுப்பாங்க? தலைப்பிரசவத்துக்கு நான் ஆனைமலை எங்கம்மா ஊட்டுக்குத்தான போயிருந்தேன்."