வானம் ஏறியவன்

"பொத்தானை அமுக்குறதெல்லாம் ஒரு கலையாய்யா?" என்று போன வருடம் முகத்தில் அடித்தாற்போல் கேட்ட அதே நடுவர், இந்த வருடக் கண்காட்சியில் பல்லெல்லாம் தெரியப் போட்டோக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தங்கப் பதக்கம் பெற்ற படம் சுவரில் இருந்தது. வெட்டவெளி வானத்தில், கைகளை விரித்துக்கொண்டு மேல்நோக்கிப் பாய்கிறான் ஒரு மனிதன்.

"தூரிகை பிடிக்கிறவனெல்லாம் இனிமே தோத்தான் போங்க! ஆளை எப்படிய்யா பறக்க வச்சீங்க?"

"எல்லாம் தானா அமைஞ்சது சார்" என்று போட்டோக்காரர் நெளிந்தார்.

அப்போதுதான் அவருடைய அண்ணி உள்ளே வந்தாள். படத்தின் முன்னால் நின்று தலையைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். அவள் முகம் வெளிறிப்போயிற்று.

"தம்பி, இது உங்கண்ணன்! மாடியிலேர்ந்து விழுந்து செத்த அன்னிக்குப் போட்டிருந்த சட்டை! நீங்க அப்ப கீழேதான் நின்னீங்களா?" அவள் குரல் உடைந்தது. "ஐயோ, தலைகீழா வேற மாட்டியிருக்காங்களே. திருப்பி மாட்டச் சொல்லுங்க!"

போட்டோக்காரர் சிரித்த முகம் மாறாமல் அவள் பக்கம் குனிந்தார்.

"மெதுவா பேசுங்க அண்ணி. மாட்டினதே நான்தான். நேரா மாட்டினா அண்ணன் விழுந்துருவார்."